குலவழி நோய்களும் நம் கடமையும்

பெற்றோரிடமிருந்து மக்கள் பெறும் உடைமைகள் இருவகைப்படும். நிலமும் வீடும் நகையும் பத்திரத்தில் எழுதப்பட்டுக் கண்ணுக்குப் புலனாவன; அவற்றுள் ஒரு குழி நிலம் குறைந்தாலும் உடன்பிறந்தார் வழக்காடத் தயங்குவதில்லை. முகச்சாயலும் குரலும் நடையும் உடலின் உரமும் எழுதப்படாமலே வந்து சேர்வன. இவ்விரண்டாம் வகைச் சொத்தோடு சில குடும்பங்களில் கடனும் கலந்து வருகின்றது. கடன் உண்டென்று அறிந்தோர் அதனைச் சிறிது சிறிதாகத் தீர்த்துக்கொள்ளலாம். அறியாதோர் ஒருநாள் எதிர்பாரா வகையில் முதலையே இழக்க நேரிடும்.

இத்தகைய கடன்களுள் இரண்டினைப்பற்றி ஈண்டு எழுதத் துணிந்தோம். ஒன்று, இதயத்துடிப்பின் ஒழுங்கு திடீரெனக் குலைந்து, நோயென்பதே அறியாதிருந்த இளைஞரையும் வீழ்த்தும் குறை. மற்றொன்று, பெருங்குடலின் உட்புறத்தில் பாலிப் எனப்படும் சதைமொட்டுக்கள் முளைத்து, நாளடைவில் புற்றாக மாறும் குறை. இதயமும் குடலும் உடலில் தொலைவில் உள்ளவை. இவ்விரு நோய்களும் ஒன்றற்கொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஆயினும் மூன்று இயல்புகளில் இவை உடன்பிறப்புக்களே. இரண்டும் மரபணுவில் நேர்ந்த பிறழ்ச்சியால் குலவழியாக இறங்குவன. இரண்டும் நெடுங்காலம் வெளித்தோன்றாது மறைந்திருப்பன. இரண்டும் காலத்திற் கண்டறியப்படின் உயிர்க்கேடு செய்யாமல் பெரும்பாலும் தடுக்கத்தக்கன. இம்மூன்றாவது இயல்பே யாம் இக்கட்டுரையை எழுதுவதற்குக் காரணம். தடுக்க முடியாத துன்பத்துக்கு வருந்துவது மனித இயல்பு. தடுக்கக்கூடிய துன்பத்தை வாய்மூடி வளரவிடுவதோ குற்றமாகும்.

புதுக்கோட்டைச் சீமையார் இப்பொருளைப் பேசுவதற்குத் தனியுரிமை உடையவர். 1886-ஆம் ஆண்டில் இவ்வூரிற் பிறந்து, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில் ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் பெற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை அறியாதார் இல்லை. அவருடைய தங்கையார் இளவயதிலேயே மலக்குடற் புற்றினால் இறந்துபட்டார். அத்துயரமே அம்மையாரின் உள்ளத்தில் வித்தாக விழுந்து, 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையமாக முளைத்தெழுந்தது. அக்காலத்து மருத்துவர், இளம்பெண்ணொருத்திக்கு மலக்குடலிற் புற்று வந்ததென்றால் அதனை அவளுக்கு நேர்ந்த தனித் துரதிருஷ்டமாகவே எண்ணியிருப்பர். இக்காலத்து மருத்துவரோ, ஐம்பது வயதுக்கு முன் ஒருவர்க்குக் குடற்புற்று நேர்ந்ததெனக் கேட்டவுடன், “உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்நோய் உண்டா?” என்று வினவக் கடமைப்பட்டவர். இவ்வொரு வினா தோன்றுவதற்கு மருத்துவ உலகம் பல்லாண்டு உழைத்தது. அவ்வினாவுக்கு மெய்யான விடை கூறுவது நம் உழைப்பு. அதனை நாம் செய்கின்றோமா என்பதே கேள்வி.

மரபணுப் பிறழ்ச்சி என்பது யாதென்பதை விஞ்ஞானம் பயிலாத வாசகர் பொருட்டுச் சிறிது விளக்குவாம். பழைய நாளில் ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் எத்துணைக் கவனமாயிருந்தும் ஓரோர் எழுத்தை விட்டுவிடுவதும் மாற்றிவிடுவதும் உண்டு. ஒருவர் செய்த பிழை, அவ்வேட்டைப் பார்த்து எழுதிய ஏடுகளிலெல்லாம் தொடர்ந்து வரும். பல பிழைகளால் பொருள் கெடுவதில்லை. சில பிழைகளால் பாட்டின் பொருளே தலைகீழாகும். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் அத்தகைய சுவடியொன்று உள்ளது. அதன் ஒவ்வோர் ஏடும் இரண்டு படிகளாக அமைந்திருக்கும். ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. சில நோய்களில் இரண்டு படிகளுள் ஒன்று பிழைபட்டாலே நோய் தோன்றும். அத்தகைய பிழையுடைய பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்குவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. வேறு சிலவற்றில் இரண்டு படிகளும் பிழைபட்டாலன்றி நோய் தோன்றாது. ஒரு படி மட்டும் பிழைபட்டவர் தம் வாழ்நாள் முழுதும் நலமுடன் இருப்பர், ஆனால் பிழையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடும். இவ்விரு வழிகளும் நம் வாசகர் நினைவில் நிற்க வேண்டும்; பின்னர்க் கூறப்போவனவெல்லாம் இவற்றையே சார்ந்தவை.

முதற்கண் இதயத்தைப் பார்ப்போம். இதயம் தானே எழுப்பும் சிறு மின்னோட்டத்தால் துடிப்பது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகிய உப்புக்களின் மின்னணுத்துகள்கள், இதயத் தசையணுக்களின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்களின் வழியே முறையே உட்புகுந்தும் வெளிப்போந்தும் ஒவ்வொரு துடிப்பையும் நடத்துகின்றன. ஒரு துடிப்பு முடிந்தபின் தசை மீண்டும் மின்னமைதி பெற்றாலன்றி அடுத்த துடிப்புக்குத் தகுதியாகாது. பொட்டாசியம் வெளியேறும் வாயில் பிழைபட்டிருப்பின் அவ்வமைதி பெறுதல் தாமதமாகும். இ.சி.ஜி. தாளில் இத்தாமதம் கியூ எனப்படும் அலைக்கும் டி எனப்படும் அலைக்கும் இடையேயுள்ள தூரம் நீண்டு காணப்படுவதால் வெளியாகின்றது. ஆதலின் இந்நோய்க்கு நீள் கியூ-டி நோய் என்று பெயர். அத்தாமத வேளையில் தவறான துடிப்பொன்று எழுமாயின் இதயம் நெறிகெட்டுப் படபடத்து, இரத்தத்தைச் செலுத்தும் வலிமையை இழக்கின்றது. நல்வாய்ப்பிருப்பின் சில விநாடிகளில் தானே சீர்ப்பட்டு, மயங்கி விழுந்தவர் எழுந்துவிடுவார்; இல்லையேல் எழமாட்டார்.

இந்நோய்க்குரிய முதன்மையான மூன்று மரபணுக்களும் 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. அவற்றுள் எது பிழைபட்டது என்பதற்கேற்ப இடர் நேரும் சமயமும் வேறுபடுவது வியப்புக்குரியது. கே.சி.என்.கியூ.1 என்னும் மரபணு பிழைபட்டோர்க்கு ஓடும்போதும் சிறப்பாக நீந்தும்போதும் இடர் மிகுதி. கே.சி.என்.எச்.2 பிழைபட்டோர்க்குத் திடீரென்று கேட்கும் பேரொலியும் அச்சமும் பகையாம். எஸ்.சி.என்.5ஏ பிழைபட்டோர்க்கு உறக்கத்திலும் ஓய்விலும் இடர் நேரும். குளமும் ஊருணியும் கண்மாயும் நிறைந்த நம் மாவட்டத்தில், நீச்சல் நன்கறிந்த பிள்ளை நீரில் மூழ்கினான் என்ற செய்தி வருங்கால் மக்கள் கூறுவன யாவை? நீர்த்தேவதை இழுத்தது என்பர். கால் சேற்றிற் புதைந்தது என்பர். திருவிழா வாணவேடிக்கையின் வெடியொலி கேட்டு ஒரு பெண் மயங்கி வீழ்ந்தால் காற்றுக்கருப்பு என்பர். சிறிது படித்தவர் காக்காய்வலிப்பு என்பர். மூழ்கினவரெல்லாம் மயங்கினவரெல்லாம் இதயநோய் உடையவர் என்று யாம் சொல்லவில்லை. இதயத்தைப் பற்றிய வினா ஒருமுறையேனும் எழவேண்டும் என்று மட்டுமே சொல்லுகின்றோம். ஒரு தாளில் சில நிமிஷங்களில் எடுக்கப்படும் இ.சி.ஜி. பல குடும்பங்களில் விடை கூறிவிடும். சில துடிப்புநோய்களில் ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த தாள் குற்றமற்றுத் தோன்றலுமாம். அங்கே உடற்பயிற்சியின்போதும் சோதித்தல் வேண்டும்.

ஆசிரியத் தொழில் புரிவோர் ஒருகாலும் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1856-இல் ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரத்தில், செவிடும் ஊமையுமான சிறுமியொருத்தி தன்னுடன் பயின்ற மற்றொரு சிறுமியின் பொருளை எடுத்துவிட்டாள் என்று தலைமையாசிரியர் முன் அழைக்கப்பட்டாள். விசாரணைக்கு நின்ற அக்குழந்தை அவ்விடத்திலேயே விழுந்து இறந்தது. செய்தி கேட்ட பெற்றோர் பெரிதும் வியப்படையவில்லையாம். அவர்களுடைய வேறிரண்டு குழந்தைகளும் முன்னரே, ஒன்று அச்சத்தாலும் ஒன்று சினத்தாலும், அவ்வாறே இறந்திருந்தன. நூறாண்டு கழித்து, 1957-இல், நார்வே நாட்டு மருத்துவர்களான ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அக்குடும்பத்தின் ஆறு மக்களுள் நால்வர் பிறவிச் செவிடர். நால்வர்க்கும் மயக்கம் வருவதுண்டு. அவருள் மூவர் பத்து வயது நிரம்பு முன்னரே திடீரென்று இறந்தனர். செவியின் உட்பகுதிக்கும் இதயத்துக்கும் ஒரே பொட்டாசிய வாயில் இன்றியமையாதது என்பதும், அதன் இரண்டு படிகளும் பிழைபட்டாற் செவிட்டுத்தன்மையும் நீள் கியூ-டியும் ஒருங்கே தோன்றும் என்பதும் பின்னர்த் தெளிவாயின. ஆதலின், பிறவியிலேயே செவிகேளாத குழந்தை ஒன்று மயங்கி விழுமாயின் இ.சி.ஜி. எடுக்காமல் விடுவது பெரும் பிழை. செவிகேளாதோர் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருமுறை இச்சோதனையைச் செய்துவிடுதல் இன்னும் நன்று.

இந்நோய்க்கு மருந்தில்லையோ எனின், உண்டு. பீட்டா பிளாக்கர் என்னும் வகையைச் சேர்ந்த, விலை மலிந்த மாத்திரைகள் பலர்க்கு இடரைப் பெரிதும் குறைக்கின்றன. இடர் மிக்கோர்க்கு மார்பின் தோலுக்குக்கீழ் டிஃபிபிரிலேட்டர் என்னும் சிறு கருவி பதிக்கப்படுகின்றது. அது துடிப்பு நெறிகெட்டவுடன் மின்னதிர்ச்சி தந்து திருத்தும். சில கிருமிக்கொல்லி மருந்துகளும் குளோரோகுவின் போன்ற மருந்துகளும் கியூ-டி இடைவெளியை மேலும் நீட்டுவன. அவற்றை விலக்குவதற்கு, நோயுடையவர் தம் நோயை அறிந்து வைத்தியரிடம் கூறுதல் ஒன்றே போதும்.

இனிக் குடலைக் குறித்துக் கூறுவாம். பெருங்குடலில் ஓரிரு சதைமொட்டுக்கள் முதுமையிற் பலர்க்கும் தோன்றுவதுண்டு. அதனைக் குலவழி நோய் என்றல் பொருந்தாது. ஏ.பி.சி. என்னும் மரபணுவின் ஒரு படி பிழைபட்டோர்க்கோ பதின்வயதிலேயே அவை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் முளைக்கத் தொடங்கும். இம்மரபணு உயிரணுக்களின் பெருக்கத்துக்குக் கடிவாளம் போன்றது; ஐந்தாவது குரோமோசோமிலுள்ள இது 1991-இல் இன்னதெனக் கண்டறியப்பட்டது. கடிவாளம் அற்றபின் மொட்டுக்கள் பெருகி, அவற்றுள் ஏதேனும் ஒன்று புற்றாவது ஏறக்குறைய உறுதி. பெரும்பாலோர்க்கு அது நாற்பது வயதை ஒட்டி நேர்ந்துவிடும். மலத்தில் இரத்தம் கண்ட இளைஞன் மூலநோய் என்று எண்ணிப் பச்சிலை தேடுகிறான். சீதபேதி என்று எண்ணி மாத்திரை வாங்குகிறான். வெட்கத்தால் வீட்டார்க்கும் கூறாது மறைக்கிறான். காலம் கடந்துவிடுகின்றது. பிழையுடைய குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு வயது முதல் ஆண்டுதோறும் குடல் உள்நோக்கியாற் சோதித்து, மொட்டுக்கள் பெருகியவுடன் பெருங்குடலை அறுவை செய்து நீக்கிவிட்டால், அப்பெருங்குடற் புற்று வாராமற் காக்கலாம். பெருங்குடல் இல்லாமலும் மனிதர் உண்டு உழைத்து மணந்து மக்களைப் பெற்று வாழ்கின்றனர்.

இலண்டன் மாநகரத்துச் செயிண்ட் மார்க் மருத்துவமனையார் 1920-களிலேயே இத்தகைய குடும்பங்களின் பெயர்ப்பதிவேடு ஒன்றைத் தொடங்கினர். நோயோடு வந்தவரை மட்டும் கவனியாமல், அவர்தம் உடன்பிறந்தாரையும் மக்களையும் அழைத்துச் சோதித்தனர். தாமே நோயுற்று வந்தோரிற் பலர்க்கு ஏற்கெனவே புற்று இருந்தது. அழைக்கப்பட்டு வந்தோரிற் புற்றுடையார் மிகக் குறைவு. இரு கூட்டத்தார்க்கும் இரத்தம் ஒன்றே, மரபணுப் பிழை ஒன்றே. வேறுபாடு ஒரு கடிதமும் ஒரு பதிவேடுமே. மருத்துவ சாஸ்திரத்தின் எப்பெரும் கண்டுபிடிப்புக்கும் இப்பதிவேடு தாழ்ந்ததன்று.

சதைமொட்டு மிகுதியாக இல்லாமலே குலவழியாகக் குடற்புற்றும் கருப்பைப் புற்றும் தரும் பிறிதொரு நோயுமுண்டு. இதனை இப்போது லின்ச் நோய் என்பர். அதன் வரலாறு ஒரு தையற்காரப் பெண்மணியிடம் தொடங்குகின்றது. அமெரிக்காவில் 1895-இல் ஆல்டிரட் வார்த்தின் என்னும் பேராசிரியரிடம் அவர், தம் குடும்பத்தார் பலரும் புற்றால் இறந்தமையால் தாமும் அவ்வாறே இளமையில் இறக்கப்போவதாகக் கூறினார். பேராசிரியர் அதனைப் பெண்பேதைமை என்று தள்ளாமல், அக்குடும்பத்தின் கொடிவழியைப் பல்லாண்டு ஆராய்ந்து 1913-இல் வெளியிட்டார். அப்பெண்மணி தாம் அஞ்சியபடியே புற்றால் இறந்தார். எனினும் அவர் வாய்திறந்து பேசிய பேச்சினால் இன்று உலகெங்கும் எண்ணற்றோர் காக்கப்படுகின்றனர். அவ்வழி வந்த ஆராய்ச்சியை, லின்ச் நோய்க்குரிய மரபணுக்களை நம் நாட்டு நோயாளரிடத்துச் சோதிக்கும் பணியாக, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேற்கொண்ட நிலையங்களுள் முத்துலட்சுமி அம்மையார் நிறுவிய அடையாற்று நிலையமும் ஒன்று என்பது நம் சீமையார்க்குப் பெருமை தருவது.

மேலும் ஒரு குறிப்பு ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும். சில குழந்தைகளின் உதட்டிலும் வாயினுள்ளும் விரல்களிலும் கரும்புள்ளிகள் தோன்றும். அத்தகைய குழந்தை அடிக்கடி கடும் வயிற்றுவலியால் துடிக்குமாயின், சிறுகுடலில் மொட்டுக்கள் வளர்ந்து குடல் குடலினுட் செருகிக்கொள்ளும் நோய் இருக்கக்கூடும். 1921-இல் ஆலந்து நாட்டுப் பூட்ஸ் என்பவரும் 1949-இல் அமெரிக்க நாட்டு ஜெகர்ஸ் என்பவரும் விளக்கிய இந்நோய்க்குரிய மரபணு 1998-இல் அறியப்பட்டது. புள்ளிகள் வயதேற மங்கிவிடலாம், நோய் மங்குவதில்லை.

இவையெல்லாம் எங்கோ அயல்நாட்டில் அருகி நிகழ்வன என்று கருதுவார் உளர். இத்தாலியில் நாற்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி ஏறக்குறைய 2000 பேருக்கு ஒருவர் நீள் கியூ-டி நோயுடையார். ஏ.பி.சி. பிழையாற் குடல்மொட்டு நோயுடையார் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர் என்பர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16 இலட்சத்துக்கு மேற்பட்டது. அவ்வளவுகள் நமக்கும் பொருந்துமாயின், நம் மாவட்டத்தில் மட்டும் முதல் நோயுடையார் 800 பேரும் இரண்டாம் நோயுடையார் 160 பேரும் இருத்தல் வேண்டும். அவர்களுள் எத்தனை பேர் தம் நிலையைத் தாமே அறிந்திருப்பர்?

நம் நாட்டுக்கே சிறப்பாக உரிய பிழைகளும் உள்ளன. இதயத் தசையின் கட்டமைப்புக்குரிய எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் மரபணுவில் 25 எழுத்துக்கள் அற்றுப்போன ஒரு பிழை, இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் 100 பேருக்கு ஏறக்குறைய 4 பேரிடத்துக் காணப்படுவதாக 2009-இல் வெளியாயிற்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தாரும் இவ்வாராய்ச்சியிற் பங்குகொண்டோர். அச்செய்தி கேட்டு ஆறு கோடிப் பேர் சாவின் வாயில் நிற்பதாகச் சிலர் அஞ்சினர். 2020-இல் வெளியான மறு ஆராய்ச்சியோ, இடரின் பெரும்பகுதி அப்பிழையோடு உடன்வரும் வேறோர் அரிய பிழையினாலேயே நேர்கின்றது எனக் காட்டிற்று. பிழையை உடைமை வேறு. நோயை உடைமை வேறு. இதனை அறியாதார் கையில் மரபணுச் சோதனை ஜாதகத்தைப் போன்றே அச்சத்தின் கருவியாகிவிடும்.

ஜாதகம் என்றவுடன் திருமணம் நினைவுக்கு வருகின்றது. நம் மக்கள் மாமன் மகளையும் அத்தை மகனையும், சிற்சில வகுப்பில் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நெடுங்காலத்தது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நால்வர்க்கு ஒருவர்க்கு மேல் இரத்த உறவிலேயே மணந்தவர். அம்மான், அக்காள் மகளை மணந்து பெற்ற குழந்தைக்கு, எந்த ஏட்டை எடுத்தாலும் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தனவாய் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்கு. அத்தை மகன், மாமன் மகள் வழியிற் பதினாறில் ஒரு பங்கு. இரு படிகளும் பிழைபட்டாற் தோன்றும் நோய்கள், மேற்கூறிய செவிட்டுத்தன்மையோடு கூடிய துடிப்புநோய் போல்வன, இத்தகைய குடும்பங்களில் மிகுவதற்குக் காரணம் இதுவே. 2002-இல் அறியப்பட்ட மற்றொரு குடல்மொட்டு நோயும் இவ்வகையினதே. உறவில் மணத்தலைப் பாவம் என்று யாம் பழிக்கவில்லை. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் பிறவிச் செவிடோ, இளவயதுத் திடீர்ச்சாவோ இருந்தும், சொத்துப் பிரியலாகாது என்பதற்காகவே மீண்டும் மீண்டும் உள்ளேயே கொண்டு கொடுப்பது அறிவுடைமையாகாது என்பது எம் துணிபு.

இங்கே நம்மவர் அறியாமற் செய்யும் தவறு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். குலம் என்றால் பங்காளி வழியை மட்டுமே எண்ணுகிறோம். பாட்டனார், முப்பாட்டனார் பெயரைக் கூறும் இளைஞன், தன் தாயைப் பெற்ற பாட்டியின் உடன்பிறந்தார் எவ்வாறு இறந்தார் என்று கேட்டால் விழிக்கிறான். மரபணுவுக்குக் கோத்திரமும் இல்லை, குலதெய்வமும் இல்லை. அது தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஒப்ப இறங்குவது. கொடுத்த பெண்ணோடு நோயும் வேறு ஊருக்குச் சென்று, அறந்தாங்கியில் ஒரு சாவும் பொன்னமராவதியில் ஒரு சாவுமாகச் சிதறிவிடுவதால், ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்ப்பார் இன்றி ஒழிகின்றது.

எம் கருத்துக்கு மறுப்பாக மூன்று கூறுவர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல் இல்லாத கவலையை ஏன் தேடவேண்டும் என்பது ஒன்று. செய்வதற்கு யாதும் இல்லாத நோயாயின் அவ்வினா நியாயமே. அறியாதிருக்க விரும்புவோர்க்கு அவ்வுரிமை உண்டு. பூதம் கிணற்றில் முன்னரே இருக்கிறது, அதனை அடக்கும் வழியும் உண்டு என்றால், வெட்டாமல் விடுவதே பேதைமை. இரண்டாவது, செலவு. எல்லோர்க்கும் மரபணுச் சோதனை வேண்டும் என்று யாம் கூறவில்லை. வாய்வினாவுக்குச் செலவில்லை, இ.சி.ஜி. அரசு மருத்துவமனைகளில் எளிதிற் கிடைப்பது. 2017 முதல் நம் மாவட்டத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. நோயுற்ற ஒருவரிடத்துப் பிழை இன்னதெனக் கண்டபின், உறவினரிடத்து அவ்வொரு பிழையை மட்டும் தேடினாற் போதும். செலவு பெரிதும் குறையும்.

மூன்றாவது மறுப்பே வலியது. குடும்பத்து நோய் வெளியே தெரிந்தாற் பெண்ணுக்கு வரன் வாராது என்பது அது. இதனை யாம் எளிதாகத் தள்ளமாட்டோம். தாய்மாரின் இவ்வச்சம் பொய்யன்று. ஆனால் மறைத்து மணம் முடித்தபின், மருந்துண்டால் வாழ்ந்திருக்கக்கூடிய மகள் பிள்ளைப்பேற்றின் பின்னர்த் திடீரென்று இறந்தால், காக்கப்பட்ட மானம் யாருக்குப் பயன்? இவ்வச்சத்தைப் போக்கவேண்டியவர் அஞ்சும் தாயல்லர், கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரே. வரதட்சிணை கேட்கமாட்டேன் என்று உறுதி கொள்ளும் மாணவர் இனி மற்றோர் உறுதியும் கொள்ளட்டும்: மருத்துவத்தால் ஆளத்தக்க நோயை உண்மையாகக் கூறிய வீட்டை அதன் பொருட்டு இகழமாட்டேன் என்பது அது. பிழையில்லாச் சுவடி எவரிடத்தும் இல்லை. ஒவ்வொருவரும் சில பிழைகளைச் சுமந்தே பிறந்திருக்கின்றோம். சிலர் தம் பிழையை அறிந்தனர், பலர் அறியவில்லை என்பதே வேறுபாடு. காப்புறுதிக் கம்பெனிகளின் செயல் குறித்தும் அச்சமுண்டு. இதயத் தசை தடித்த நோயுடைய ஒருவர் வழக்கில், மரபணு நோய் என்ற பெயரால் பொதுப்பட விலக்குதல் தகாது என்று 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் கூறியது. சட்டம் இன்னும் தெளிவாக வேண்டும். அதற்காகப் பேசுவதும் கற்றோர் கடமை.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில கூறி முடிப்போம். மாணவர் ஒவ்வொருவரும் வரும் விடுமுறையில் வீட்டுப் பெரியோர் முன் அமர்ந்து, தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறையோரின் பெயர், இறந்த வயது, இறந்த விதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுக. நாற்பது வயதுக்கு முன் திடீரென இறந்தவர், ஓடும்போதோ நீந்தும்போதோ அச்சத்தாலோ மயங்கினவர், பிறவிச் செவிடர், ஐம்பது வயதுக்கு முன் குடற்புற்றோ கருப்பைப் புற்றோ கண்டவர் ஆகியோரைத் தனியே குறியிடுக. குறிகள் இருப்பின் அத்தாளை மருத்துவரிடம் காட்டுக; இல்லையாயின் பெட்டியிற் காத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க. உடற்பயிற்சி ஆசிரியர், மைதானத்தில் ஓடும்போது மயங்கிய மாணவனை நீர் தெளித்து எழுப்பி மீண்டும் ஓடச்செய்யாது, மருத்துவரிடம் அனுப்புக. மூச்சும் நாடியும் அற்று விழுந்தவன் மார்பைக் கையால் அமுக்கி இரத்தம் ஓடச்செய்யும் முறையை விடுதி மாணவர் யாவரும் கற்றுக்கொள்க. மருத்துவம் பயிலச் சென்றுள்ள நம் பழைய மாணவர், நோயாளியின் நாடியைப் பார்ப்பதோடு நில்லாமல், அவர்தம் உடன்பிறந்தாரையும் மக்களையும் குறித்து வினவுக.

சாவைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் அமங்கலம் எனப்படும். பதினாறாம் நாட்காரியத்துக்குக் கூடும் உறவினர் நிலத்தைப் பற்றியும் நகையைப் பற்றியும் பேசுகின்றனர். அன்று ஒரு நாழிகையேனும், இறந்தவர் எந்நோயால் இறந்தார், அந்நோய் இங்கிருப்போரில் யாரைத் தேடி வரக்கூடும் என்று பேசுவராயின், இறந்தவர்க்குச் செய்யும் கடன்களுள் அதனினும் உயர்ந்தது வேறில்லை. தங்கையை இழந்த ஒரு புதுக்கோட்டைப் பெண்மணி அத்துயரத்தைத் தம் வீட்டோடு நிறுத்தாது நாட்டுக்கே ஒரு மருத்துவ நிலையமாக்கினார். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிதன்று. ஒரு தாளும், ஒரு வினாவும், மெய் கூறும் துணிவுமே.